செவ்வாய்க்கிழமை மட்டும் பகலில் கரண்ட் விட்ட ஊர் தெரியுமா?

கலிஃபோர்னியாவில் ஒண்டேரியோ என்று ஓர் ஊர். 1900-களின் தொடக்கத்திலேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் ராத்திரிக்கு மட்டும்! பகலில் யார் விளக்குப் போடப்போகிறார்கள் என்று பொழுது விடிந்ததும் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அந்த மின்நிலையத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர் ஏர்ல் ரிச்சர்ட்சன். மனிதருக்குக் கை சும்மா இருக்காது. மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தானே செய்து, வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பெட்டி வந்தாயிற்று, பகலில் கரண்ட் எங்கே?

அமெரிக்க வீடுகளில் அந்தக் காலத்தில் ஒரு கிழமைக் கணக்கு உண்டு. திங்கள் துவைக்கிற நாள், செவ்வாய் இஸ்திரி போடுகிற நாள். ஊரே ஒன்றாகத் துவைக்கும், ஊரே ஒன்றாகத் தேய்க்கும்! ரிச்சர்ட்சன் கம்பெனியோடு பேசி ஒப்புக்கொள்ள வைத்தார்: செவ்வாய்க்கிழமை மட்டும் பகலிலும் ஜெனரேட்டரை ஓட்டுங்கள். ஓட்டினார்கள். இஸ்திரியும் நடந்தது, மீட்டரும் ஓடியது!

அதோடு விட்டதா? பெட்டியின் நடுவில் சூடு அதிகம், முனையில் போதவில்லை என்று பெண்கள் குறை சொன்னார்கள். பட்டன்களைச் சுற்றியும் மடிப்புகளுக்குள்ளும் தேய்க்க முனைதானே வேண்டும்? முனையில் சூடு ஏறும்படி செய்யுங்களேன் என்று யோசனை சொன்னது ரிச்சர்ட்சனின் மனைவி. அப்படிப் பிறந்த பெயர்தான் ஹாட்பாயிண்ட், சூடான முனை! பின்னாளில் அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின் என்று அமெரிக்க வீடுகள் முழுக்கப் பரவிய அந்த பிராண்டின் பெயர், ஒரு வீட்டம்மா கண்டுபிடித்த குறையிலிருந்து வந்தது.

(அதற்கு முந்தைய இரும்புப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'சேட் அயர்ன்' என்று பெயர். சோகப் பெட்டி என்று மொழிபெயர்க்கத் தோன்றும், தவறு. அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் கனமானது என்று பொருள். தூக்கித் தேய்த்தவர்களைக் கேட்டால் இரண்டு பொருளும் சரி என்பார்கள்.)

இந்தச் செவ்வாய்க்கிழமையைக் கொஞ்சம் நினைவில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1950-களின் அமெரிக்க வீட்டைப் பற்றி இன்றைக்குப் பெருமூச்சு விடுகிறவர்கள் இளஞ்சிவப்பு வாஷிங் மிஷினையும் மஞ்சள் சமையலறையையும் சொல்வார்கள். அத்தனைக்கும் ஆணிவேர் இதுதான். மிஷின் விற்றவனுக்கு ஒரு கண் அழுக்குத் துணி மேல், இன்னொரு கண் மீட்டர் மேல்!

சரி, மின்சார வாஷிங் மிஷினைக் கண்டுபிடித்தது யார்? பொது அறிவுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் உடனே ஆல்வா ஃபிஷர் என்பார்கள். சிகாகோவின் ஹர்லி கம்பெனி, தோர் என்ற மிஷின், 1910-ல் காப்புரிமை. எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மின்சார வாஷிங் மிஷின் விளம்பரங்கள் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டன! முதல் ஆள் யார் என்பது இன்றைக்கும் அந்தரத்தில்தான் தொங்குகிறது.

அந்த முதல் மிஷின்கள் எல்லாம் பாதி வேலைதான் செய்தன. டப்புக்குள் துணி கிளறப்படும். பிறகு நீங்களே எடுத்து, மேலே சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே, கரும்பு பிழிகிற மாதிரி விட்டுப் பிழிய வேண்டும். ரிங்கர் என்று பெயர். துணியோடு விரலும் உள்ளே போகும், சில சமயம் கையே போகும். குழந்தைகள் கையை விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது எவ்வளவு சகஜமென்றால், 'ரிங்கர் காயம்' என்று மருத்துவ நூல்களில் தனிப் பெயரே ஏறியது! பழைய மிஷின் மேல் ஆசை வைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். இதிலும் ஓர் ஆச்சரியம்: மேடாக் கம்பெனி இந்த ரிங்கர் மிஷினை எதுவரை தயாரித்தது தெரியுமா? 1983 வரை! மனிதன் நிலாவில் கால் வைத்துப் பதினான்கு வருஷம் ஆன பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

முழுக்கத் தானே துவைத்து, தானே அலசி, தானே பிழிகிற வீட்டு மிஷின் 1937-ல் வந்தது. பெயர் பெண்டிக்ஸ். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு, கப்பல் ஜன்னல் மாதிரி. பெண்டிக்ஸ் என்றால் விமானப் பாகங்களுக்குப் பேர்போன கம்பெனி ஆயிற்றே, அவர்களா சலவையில் இறங்கினார்கள்? இல்லை! அவர்கள் கொடுத்தது பெயரை மட்டும். பெயருக்கு விலையாக வாங்கிக்கொண்டது புதுக் கம்பெனியில் கால் பங்கு! கரும்பு தின்னக் கூலி என்பது இதுதான்.

அந்த மிஷினை வாங்கினால் தரையில் போல்ட் போட்டு இறுக்கியாக வேண்டும். ஏன்? சுழலும்போது ஏற்படும் ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ள உள்ளே ஸ்பிரிங் அமைப்பு கிடையாது. போல்ட் போடாவிட்டால் ஈரத்துணியின் பாரம் ஒரு பக்கம் சேர்ந்து, மிஷின் சாமி வந்தது போல் ஆடும், நடக்கும்! இருந்தும் ஜனங்கள் வாங்கினார்கள். துணி போட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போய்வரலாம் என்பது அதுவரை கனவில்கூட இல்லாத சங்கதி. ஆனால் கொடுமையைப் பாருங்கள், ஆசை பிடித்த நேரத்தில் உலகப் போர் குறுக்கே வந்தது. 1942-ல் வீட்டு வாஷிங் மிஷின் உற்பத்தியையே அரசு நிறுத்திவிட்டது. இரும்பும் மோட்டாரும் போருக்குப் போயின. நான்கு வருஷம் ஜனங்கள் விளம்பரத்தை மட்டும் பார்த்து ஏங்கினார்கள். 1946-க்குப் பிறகு அணை உடைந்தது போல வாங்கிக் குவித்ததற்கு அந்த ஏக்கமும் ஒரு காரணம்.

இப்போது ஒரு கேள்வி. காசு போட்டுத் துணி துவைக்கும் கடையை அமெரிக்காவில் 'லாண்ட்ரோமேட்' என்கிறார்கள். அந்தச் சொல்லை உருவாக்கியவர் யார்? ஒரு ராக்கெட்காரர்! சத்தியமாக! ஜி. எட்வர்ட் பெண்ட்ரே. 1930-ல், ராக்கெட் என்றாலே பைத்தியக்காரத்தனம் என்று சிரித்த காலத்தில், கிரகங்களுக்குப் பயணம் போவது பற்றி ஆராய ஒரு சங்கத்தை நண்பர்களோடு தொடங்கியவர். பிழைப்புக்கு வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலை பார்த்தார். கம்பெனியின் புது வாஷிங் மிஷினுக்கு அவர் வைத்த பெயர்தான் லாண்ட்ரோமேட். பிறகுதான் அது கடைக்கே பெயரானது.

பெண்ட்ரேயின் இன்னொரு சொல்லும் உலகம் சுற்றியது: 'டைம் கேப்ஸ்யூல்'. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக, அந்தக் காலத்துச் சாமான்களை ஒரு உலோகக் குழாய்க்குள் அடைத்து, 50 அடி ஆழத்தில் புதைத்தது வெஸ்டிங்ஹவுஸ். எப்போது திறக்க வேண்டும்? 6939-ல்! சலவைக்கும் சாசுவதத்துக்கும் ஒரே மனிதர் பெயர் வைத்திருக்கிறார்.

அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே கடை பிறந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1934 ஏப்ரல் 18, டெக்ஸஸில் ஃபோர்ட் வொர்த் நகரம். நான்கு மிஷின்களை வைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். பெயர் 'வாஷடீரியா'. பெரும் பொருளாதார மந்தம், மிஷின் வாங்கக் காசில்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு வாடகை கொடுக்க முடிந்தது.

துவைத்தாயிற்று, காய வேண்டாமா? டிரையர் கதைதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. வடக்கு டகோடா மாநிலத்தில் குளிர்காலத்தில் துணியைக் கொடியில் போட்டால் காயாது, உறைந்துபோகும். கால்சட்டை பலகை மாதிரி விறைத்து நிற்கும்! அந்தக் குளிரில் வெளியே போய்த் துணி உலர்த்துவது ஜே. ராஸ் மூர் என்பவருக்கு அலுத்துப்போனது. கொட்டகைக்குள் ஒரு பீப்பாயையும் அடுப்பையும் வைத்து ஆரம்பித்து, வருஷக்கணக்கில் பாடுபட்டு, சுழலும் மின்சார டிரையர் வரை வந்துவிட்டார். கடைசியில் அதைத் தயாரிக்க முன்வந்தது விஸ்கான்ஸினில் டூ ரிவர்ஸ் என்ற சின்ன ஊரின் ஹாமில்டன் கம்பெனி. அவர்களுடைய பழைய தொழில் என்ன தெரியுமா? அச்சகங்களுக்கு மர எழுத்துக்கள் செதுக்கிக் கொடுப்பது! சர்க்கஸ் போஸ்டர், ஏல நோட்டீஸ் எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் வருமே, அந்த மர அச்சுகளில் அமெரிக்காவிலேயே பெரிய கம்பெனி அதுதான். அங்கிருந்து டிரையர்! 1938-ல் கடைக்கு வந்த மிஷினின் பெயர் 'ஜூன் டே'. ஜூன் மாதத்து ஒரு நாள். பனியில் விறைத்துக் கிடந்த ஊர்களுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

ஆனால் முதலில் அது வெறும் வெள்ளைப் பெட்டியாகத்தான் இருந்தது. வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் பார்த்தார். இந்தப் பெட்டிக்கு இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள், கதவில் ஒரு கண்ணாடி ஜன்னல் வையுங்கள் என்றார். இன்னொரு யோசனையும் சேர்த்துக் கொடுத்தார்: கடைகளில் மிஷினை ஓட்டிக் காட்டும்போது, இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஆண்கள் போடும் பாக்ஸர் டிராயர்களை உள்ளே போட்டுச் சுழல விடுங்கள்! தெருவில் போகிறவன் நின்று பார்க்காமல் போவானா? டிரையரின் ஜன்னல் துணி காய்ந்ததா என்று பார்ப்பதற்காக வந்ததல்ல, வாய் பிளந்து பார்ப்பதற்காக வந்தது.

இதே ஸ்டீவன்ஸ்தான் 1954-ல் 'திட்டமிட்ட பழசாக்கல்' என்ற கருத்தை மேடையேறிப் பிரபலமாக்கியவர். அதாவது, இருப்பது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேவைக்குக் கொஞ்சம் முன்னதாகவே, கொஞ்சம் புதியதை வாங்கும் ஆசையை ஜனங்கள் மனதில் ஊட்டிவிடுவது. அவர் வாதாடிய காலத்து மிஷின்களைத்தான் 'அந்தக் காலத்துச் சரக்கு, உழைக்கும்' என்று இன்றைக்குத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்!

கண்டுபிடிப்பு வெறி உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. எதை எதோடு சேர்ப்பது என்ற கட்டுப்பாடே கிடையாது. தோர் கம்பெனி 1940-களில் 'ஆட்டோமேஜிக்' என்று ஒன்றை விற்றது. துணி துவைக்கும் டப்பை வெளியே எடுத்துவிட்டு வேறொரு டப்பை உள்ளே வைத்தால், அதே மிஷின் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும்! காலையில் காலுறை, மத்தியானம் தட்டு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தான், ஆனால் அந்த மாங்காயைத் தின்ன மனசு வரவேண்டுமே. நிலைக்கவில்லை. அடுத்து, ஃபிரிஜிடேர். அது யாருடைய கம்பெனி? கார் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ்! 1919 முதல் 1979 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. மற்ற மிஷின்களில் துடுப்பு இடவலமாகத் திரும்பித் துணியைக் கிளறினால், ஃபிரிஜிடேரில் அது எஞ்சின் பிஸ்டன் மாதிரி மேலும் கீழும் குத்தும். பழைய மிஷின் பிரியர்கள் இந்தக் குத்தலுக்காக உயிரை விடுவார்கள்.

நுரையின் கதை வேறு. 1946-ல் டைட் சோப்புத்தூள் வந்தது. புதிதாக வாங்கும் வாஷிங் மிஷினுக்குள்ளேயே ஒரு பெட்டி டைட் வைத்து அனுப்பும்படி மிஷின் கம்பெனிகளோடு ஏற்பாடு! மிஷினும் தூளும் கல்யாணப் பெண்ணும் சீரும் போல வீட்டுக்குள் சேர்ந்தே நுழைந்தன. ஆனால் முன்கதவு மிஷினில் நுரை அதிகமானால் துணி புரளாது. நுரை மெத்தையில் படுத்துக்கொள்ளும். அதற்காக நுரை அதிகம் வராத தூள் வேண்டும் என்று 'ஆல்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது யார்? ரசாயனக் கம்பெனி மான்சான்டோ! அந்தக் காலத்துத் தூள்களில் இருந்த ரசாயனம் எளிதில் சிதையாது. ஆறுகளில் நுரை மலை மலையாக மிதந்தது, சில ஊர்களில் குழாயைத் திறந்தால் குடிதண்ணீரிலும் நுரை! 1965-ல்தான் சிதையக்கூடிய வகைக்கு மாறினார்கள்.

இனி வீட்டுக்குள் போவோம். முழுக்க முழுக்க மின்சார வீடு!

1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் எத்தனை வீட்டில் கரண்ட் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பத்தில் ஒன்று! நகரத்தில் பத்தில் ஒன்பது. ஆளில்லாத காட்டுக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. 1935-ல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தது. விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கடன் வாங்கிக் கம்பி இழுத்தார்கள். ஆனால் கம்பி வந்தால் போதுமா? ஒரே ஒரு பல்பு மட்டும் எரித்தால் கடன் எப்படி அடையும்? ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, மின்சார அடுப்பு, வாஷிங் மிஷின், இஸ்திரி எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'எலெக்ட்ரிக் சர்க்கஸ்'! யானைக்குப் பதில் மோட்டார், கோமாளிக்குப் பதில் மின்சார அடுப்பில் சமையல் போட்டி போடும் உள்ளூர் ஆண்கள். லூயிஸான் மேமர் என்ற மனையியல் நிபுணர் அந்தக் கூடாரத்தோடு மாநிலம் மாநிலமாகச் சுற்றினார். இங்கும் செவ்வாய்க்கிழமைக் கணக்கேதான்: கரண்ட்டை விற்க வேண்டுமென்றால் முதலில் பிளக்கில் சொருக எதையாவது கொடு!

இதற்கு நடுவில் இரண்டு பொம்மைகள் கோர்ட்டுக்குப் போன கதை தெரியுமா? தனியார் மின் கம்பெனிகளின் சின்னம் ரெடி கிலோவாட். 1926-ல் அலபாமாவில் ஆஷ்டன் காலின்ஸ் என்பவர் உருவாக்கியது. மின்னல் கீற்றால் ஆன கை கால், மூக்கு ஒரு பல்பு, சிரித்த முகம். கிராமக் கூட்டுறவுகள் 1951-ல் தங்களுக்கும் ஒரு பொம்மையைச் சின்னமாக வைத்துக்கொண்டன, பெயர் வில்லி வயர்ட்ஹேண்ட். உடம்பு கம்பி, இடுப்புக்குக் கீழே பிளக்! எங்கள் பொம்மையைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று ரெடி தரப்பு வழக்குப் போட்டது. 1957-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வில்லி பிளக்கை ஆட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டான்.

போருக்குப் பிறகு மின் உற்பத்தி பெருகிக்கொண்டே போனது, யூனிட்டுக்கான செலவு இறங்கிக்கொண்டே வந்தது. கம்பெனிகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: செலவழியுங்கள், இன்னும் செலவழியுங்கள்! கட்டணமே அப்படித்தான். எவ்வளவு அதிகம் எரிக்கிறீர்களோ அவ்வளவுக்கு யூனிட் விலை குறையும்! 1956-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுஸும், பரம வைரிகள், கை கோத்துக்கொண்டு 'மின்சாரத்தோடு நன்றாக வாழுங்கள்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். முந்நூறு மின் கம்பெனிகள், நூற்றெண்பது தயாரிப்பாளர்கள் பின்னால் நின்றார்கள். அடுத்த ஆண்டே ஒரு பதக்கம்! ஒலிம்பிக்கில் ஓடியவனுக்கு இல்லை, வீட்டுக்கு! சூடேற்றுவது உட்பட எல்லாமே மின்சாரத்தில் நடக்கிற வீடு என்றால் வாசலில் 'கோல்ட் மெடாலியன்' பித்தளை வில்லையைப் பதித்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கான வீடுகள் பதித்துக்கொண்டன. பழைய புறநகர்த் தெருக்களில் நடந்தால் இன்னும் சில வாசல்களில், காலிங் பெல் பக்கத்தில், கறுத்துப்போன அந்த வில்லையைப் பார்க்கலாம்.

இந்த வீடுகளுக்கு யார் விளம்பரம் செய்தது? ஒரு சினிமா நடிகர். 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நடத்திய தொலைக்காட்சி நாடக நிகழ்ச்சியின் தொகுப்பாளர். அவர் புதிதாகக் கட்டிய வீட்டைக் கம்பெனியே மின்சாதனங்களால் நிரப்பி, டிவியில் காட்டியது. அத்தனை சாதனத்துக்கும் சேர்த்து வைத்த ஸ்விட்ச் பெட்டியே பிரமாண்டம்! நடிகரின் பெயர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் ஜனாதிபதி!

சாமானியருக்குக் காட்டிய வீடு ஒன்று கான்ஸஸ் மாநிலத்தில் இருக்கிறது. 1954-ல் பிரெய்ரி வில்லேஜ் என்ற ஊரில் கான்ஸஸ் சிட்டியின் மின் கம்பெனி கட்டிய மாதிரி வீடு. வந்து பார்த்தவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல்! கோயில் திருவிழாக் கூட்டம்தான். அப்படி என்ன இருந்தது? சுவரில் மாட்டிய ஓவியம் பட்டனை அழுத்தினால் நகரும், பின்னால் டிவி! ஜன்னல் திரை தானே விலகும்! எல்லாவற்றுக்கும் மேலே, படுக்கையறையில் ஒரு பட்டன். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே அதை அழுத்தினால் சமையலறையில் காபி கொதிக்க ஆரம்பிக்கும்! (ராத்திரியே தூளையும் தண்ணீரையும் யாராவது போட்டு வைத்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி விளம்பரக்காரர்கள் மூச்சு விடமாட்டார்கள்.)

வாஷிங் மிஷின் உலக அரசியலில் மூக்கை நுழைத்த நாளும் உண்டு. 1959 ஜூலை 24, மாஸ்கோவின் சொகோல்னிகி பூங்கா, அமெரிக்கக் கண்காட்சி. நடுவே பிளந்து வைத்த ஒரு மாதிரி வீடு. ஜனங்கள் குறுக்கே நடந்து பார்க்க வசதியாக. ஸ்புட்னிக் காலம் ஆயிற்றே, அதற்கு 'ஸ்ப்ளிட்னிக்' என்று பட்டப்பெயர்! அதன் எலுமிச்சை மஞ்சள் சமையலறையில் நின்றுகொண்டு துணை ஜனாதிபதி நிக்ஸன் எதைக் காட்டினார்? ஏவுகணையை அல்ல, பதித்து வைத்த வாஷிங் மிஷினை! சோவியத் தலைவர் குருஷேவ் விடுவாரா? சாப்பாட்டை வாயில் போட்டு உள்ளே தள்ளும் மிஷினும் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். அந்த வாக்குவாதத்தின் புகழ்பெற்ற படம் ஒன்றை எடுத்தவர் நிருபர் அல்ல, வீட்டைக் கட்டிய கம்பெனியின் விளம்பர ஆள்: வில்லியம் சஃபையர். பிறகு அவர் நிக்ஸனுக்கே பேச்சு எழுதினார். படத்தில் நிக்ஸன் பக்கத்தில் முண்டியடித்து நிற்பவர் யார் தெரியுமா? பிரெஷ்னேவ்! குருஷேவைக் கவிழ்த்துப் பதவிக்கு வரப்போகிறவர்.

ஒரு ஞாபகப் பிசகையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி ஃபர்னஸ் என்ற நடிகை வெஸ்டிங்ஹவுஸ் விளம்பரங்களில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்தே தேசமறிந்த முகமானவர். 1954-ல் நேரலையில் ஒரு நாள் கதவு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அமெரிக்காவே சிரித்தது, பெட்டி திண்டாடியதை நான் பார்த்தேன் என்று பல வருஷம் ஜனங்கள் சத்தியம் செய்தார்கள். உண்மையில் அன்றைக்குப் பெட்டி வரவே இல்லை! அவருக்குப் பதில் நின்ற ஜூன் கிரஹாம் மாட்டிக்கொண்டார். பெட்டியோ 1967-ல் நுகர்வோர் நலனுக்காக ஜனாதிபதி ஜான்ஸனின் ஆலோசகர் ஆனார். விற்றவரே வாங்குகிறவர் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்!

ஆகட்டும், இத்தனை மிஷின் வந்து பெண்ணின் வேலை குறைந்ததா? இங்கேதான் இருப்பதிலேயே பெரிய 'தெரியுமா?'. ஜோஆன் வானெக் என்ற ஆய்வாளர் 1974-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். வேறு வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசி 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார். 1960-களில் 55 மணி நேரம்! குறையவே இல்லை, ஏறியிருக்கிறது! அதிலும் சலவைக்குச் செலவான நேரம் கூடியிருந்தது. எப்படி? முன்பு கனமான துணி வெளிச்சலவைக்குப் போனது, அல்லது ஒரு சலவைக்காரப் பெண் வந்து துவைத்தார். மிஷின் வந்ததும் எல்லாம் வீட்டுக்கே திரும்பி வந்தது. வாரம் ஒரு சட்டை என்பது தினம் ஒரு சட்டை ஆயிற்று. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பின் பொருள், அம்மாவுக்குக் கூடுதல் வேலை. ஆனாலும் முதுகு ஒடியத் தண்ணீர் சுமந்து, கொப்பரையில் கொதிக்கவைத்து, கையால் பிழிந்த ஒருத்தியிடம் போய் மிஷின் வீண் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. மணி குறையவில்லை, முதுகு பிழைத்தது.

கொண்டாட்டம் எப்போது ஓய்ந்தது? 1965 நவம்பர் 9, சாயங்காலம், அமெரிக்காவின் வடகிழக்கு இருண்டது. மூன்று கோடிப் பேர், சில இடங்களில் 13 மணி நேரம். 1973-ல் எண்ணெய் நெருக்கடி. கட்டணம் ஏறியது, வாசலில் பித்தளைப் பதக்கம் பதித்தவர்களின் குளிர்கால பில்லும் ஏறியது. புலி வாலைப் பிடித்த கதை! அதற்குள் டிரையர் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், கொடியில் துணி தொங்கினால் தெருவின் மதிப்பே இறங்கிவிடும் என்று பல குடியிருப்புச் சங்கங்கள் கொடிக்கே தடை போட்டிருந்தன. வெயிலில் துணி உலர்த்தும் உரிமைக்காக வெர்மான்ட் மாநிலம் 2009-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. நம்புங்கள், சட்டம்!

மேடாக் என்ன ஆனது? அயோவாவில் நியூட்டன் என்ற ஊரையே கட்டி ஆண்ட கம்பெனி. எங்கள் மிஷின் கெடவே கெடாது, பழுது பார்ப்பவர் வேலையில்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று 1967 முதல் விளம்பரம் செய்தவர்கள். 2006-ல் வேர்ல்பூல் வாங்கியது, அடுத்த ஆண்டு நியூட்டன் ஆலை மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் பிறகு என்ன செய்தார்கள்? காற்றாலைக் கோபுரங்கள்!

மிஷின்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கொலராடோவில் ஈட்டன் என்ற ஊரில் லீ மேக்ஸ்வெல் என்ற ஓய்வுபெற்ற மின்பொறியியல் பேராசிரியர் 1985-ல் ஒன்றிரண்டாகச் சேர்க்க ஆரம்பித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வாஷிங் மிஷின்களைக் குவித்து, கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டார். அமெரிக்கா முழுக்க இப்படிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நிலவறையில் வரிசையாக நிறுத்தி, மூடியைத் திறந்து, ஒவ்வொரு மாடலின் ஓசையையும் ராகம் பிரிக்கிற மாதிரிப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

அந்த கான்ஸஸ் வீடு? அதுவும் இருக்கிறது. 1990-களில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள், லாரியில் ஏற்றி ஒருமுறை நகர்த்தினார்கள், பிறகு இன்னொருமுறை. இப்போது ஓவர்லேண்ட் பார்க்கில், முன்பு பௌலிங் விளையாட்டுக்கூடமாக இருந்த ஒரு பெரிய கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். முழு வீடும், கூரையோடு, இன்னொரு கூரைக்குக் கீழே! வெயில் படாது, மழை படாது. அந்த வீட்டு வாசலில் கொடி கட்டி ஒரு சட்டையைப் போட்டாலும் காயாது. டிரையர்தான் கதி.